மூவாயிரம் வாட்டும் முப்பது அம்பியர் பியூஸும்

கண்டியில் வாகனச் சாமான் விற்கும் கடைக்குப் போனால் விலை குறைந்த அம்ப்ளிபயர் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேல்தகட்டில் பளபளக்கும் எழுத்தில் 3000 வாட் என்று போட்டிருப்பார்கள். அதையே திருப்பி, வயர் பூட்டும் பக்கத்தைப் பாருங்கள். அங்கே செருகியிருக்கும் சின்ன பிளாஸ்டிக் பியூஸின் முதுகில் 30 என்று எழுதியிருக்கும். இந்த இரண்டு எண்களில் பியூஸின் எண்தான் உண்மை பேசுகிறது. எஞ்சின் ஓடும்போது காரில் இருக்கும் மின்னழுத்தம் ஏறக்குறைய 13.8 வோல்ட். அதை 30 அம்பியரால் பெருக்கினால் 414 வாட். தொடர்ந்து அம்புக்குள் போகக்கூடியதே அவ்வளவுதான். அதைவிட அதிகமாக இழுத்துக்கொண்டே இருந்தால் பியூஸ் எரிந்துவிடும். உள்ளே போனதெல்லாம் வெளியே வருவதுமில்லை. பழைய பாணி 'கிளாஸ் ஏபி' அம்ப் பாதிக்குச் சற்று மேலாகத்தான் ஸ்பீக்கருக்கு அனுப்பும், மிச்சம் சூடாகிப் போகும். இன்று அதிகம் விற்கும் 'கிளாஸ் டி' வகை 80 வீதம் வரை அனுப்பும். ஆக, அந்தப் பெட்டியின் உண்மையான வலு முதல் வகையாக இருந்தால் 230 வாட், இரண்டாவது வகையாக இருந்தால் 330 வாட். மீதி இரண்டாயிரத்துச் சொச்சம் வாட்டும் தகட்டில் அடித்த மையில் இருக்கிறது.

பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பிப் பணம் கொடுப்பது ஏமாற்றம் என்பதோடு விஷயம் முடிந்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. சப் வூபருக்குப் பொருத்தமான அம்பைத் தேடுகிறவர் பெரும்பாலும் இரண்டு பெட்டிகளையே பார்க்கிறார்: சப் எத்தனை வாட், அம்ப் எத்தனை வாட். மூன்றாவது பங்காளி போனெட்டுக்குக் கீழே இருக்கிறது. ஒல்டர்னேட்டரும் பெட்டரியும் கொடுப்பதைத்தான் அம்ப் எடுக்க முடியும். அம்ப் எடுத்ததில் ஒரு பங்குதான் சப்புக்குப் போய்ச் சேரும். ஆகவே கணக்கைக் காரிலிருந்து தொடங்கி, அம்ப் வழியாகச் சப்புக்கு வர வேண்டும். கடைகளில் நடப்பது இதற்கு நேர்மாறு: கண்ணுக்குப் பிடித்த பன்னிரண்டு அங்குலச் சப் முதலில், அதற்கு ஒரு அம்ப் பிறகு, காரைப் பற்றிய கேள்வியே கிடையாது. கண்டிக்கு இந்தத் தலைகீழ் முறை மற்ற ஊர்களைவிடவும் பொருந்தாது. அதற்குக் காரணம் நம்முடைய கார்களிலும் இருக்கிறது, நம்முடைய வீதிகளிலும் இருக்கிறது.

முதலில் கார்கள். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான கதவு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலை சாதாரணச் சம்பளக்காரருக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. எனவே இன்றும் ஓடுபவற்றில் பெரும்பங்கு பழைய ஆல்டோ, வேகன் ஆர், விட்ஸ், ஆக்வா போன்ற சின்ன வாகனங்கள். காரை மாற்ற முடியாதவர் உள்ளே இருக்கும் செட்டையாவது மாற்றிக்கொள்வோம் என்று நினைப்பது இயல்பு. ஜப்பானிலிருந்து வந்த காரில் எப்எம் அலைவரிசையே நம் நாட்டுக்குப் பொருந்தாது என்பதால், செட்டைக் கழற்றி மாட்டும் வேலை எப்படியும் ஒருநாள் வந்துவிடுகிறது. அதோடு சப்பும் அம்பும் சேர்ந்துகொள்கின்றன. ஆனால் சின்ன எஞ்சினுக்கு ஏற்ற சின்ன ஒல்டர்னேட்டரைத்தான் அந்த வாகனங்களில் வைத்து விட்டிருக்கிறார்கள். 50 முதல் 80 அம்பியர் வரைதான் அதன் உச்சம். வயதான பெட்டரியும் இளகிய பெல்ட்டும் அதையும் குறைத்துவிடும்.

வாட் என்ற சொல்லை முதலில் சுத்தம் செய்துகொள்வோம். ஒலியில் நமக்கு வேண்டிய எண் ஆர்எம்எஸ் வாட், அதாவது திரிபு இல்லாமல் தொடர்ந்து கொடுக்கக்கூடிய வலு. 'மெக்ஸ்', 'பீக்' என்ற பெயரில் போடுகிற எண்களுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. இந்த வித்தை மலிவுப் பொருட்களில் மட்டும் நடப்பதாக நினைக்க வேண்டாம். பேர் பெற்ற நிறுவனங்களின் செட்டின் முகப்பில்கூட '50 வாட் × 4' என்று இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காரில் கிடைக்கும் உச்ச அழுத்தம் 14.4 வோல்ட். அதை அதனாலேயே பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் 51.8 வாட். அலையின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் கத்தியால் சீவியதுபோல் தட்டையானால்தான் இந்த எண் வரும். அந்த நிலையில் காதில் விழுவது கரகரப்பு மட்டுமே. சுத்தமான அலைக்குக் கிடைப்பது அதில் பாதி, 26 வாட். சுற்றுக்குள் ஏற்படும் இழப்பையும் கழித்தால் 20 வாட் அளவில் நிற்கும். கையேட்டின் கடைசிப் பக்கங்களில், யாரும் வாசிக்காத சின்ன எழுத்தில், அதே நிறுவனம் இந்த உண்மையான எண்ணையும் போட்டிருக்கும்.

சப்புக்குத் தனி அம்ப் ஏன் வேண்டும் என்பதற்கும் இதே கணக்கில் விடை இருக்கிறது. 4 ஓம் சப் ஒன்றுக்கு 300 வாட் கொடுக்க 34.6 வோல்ட் தேவை. காரிடம் இருப்பது 14. அம்புக்குள் இருக்கும் மின்வழங்கிப் பகுதி அந்த 14 வோல்ட்டை உயர்த்திக் கொடுக்கிறது. அழுத்தத்தை உயர்த்துவதற்குக் கூலியாக பெட்டரிப் பக்கம் அம்பியரை அள்ளுகிறது. 300 வாட் கொடுக்கும் கிளாஸ் டி அம்ப் முழு வலுவில் 27 அம்பியர் இழுக்கும். 500 வாட் அம்ப் 45 அம்பியர். அமெரிக்க நுகர்வோர் மின்னணுச் சங்கம் 2003இல் சிஇஏ-2006 என்றொரு அளவீட்டு முறையைக் கொண்டுவந்தது. இப்போது அதன் பெயர் சிடிஏ-2006. 14.4 வோல்ட், 4 ஓம், திரிபு 1 வீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற நிபந்தனையில் அளந்த வலுவையே நிறுவனம் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். கட்டாயம் இல்லை, விரும்பியவர் பின்பற்றலாம். பெட்டியில் அந்தப் பெயர் இருந்தால் அங்கே போட்டிருக்கும் எண்ணை நம்பலாம். இல்லாவிட்டால் பியூஸை எண்ணுங்கள்.

இப்போது வீதி. மலைநாட்டில் ஓடும் காருக்கு ஏற்றத்தில்தான் கஷ்டம் என்று பொதுவாக நினைக்கிறோம். ஒலி விஷயத்தில் அது சரியல்ல. கடுகண்ணாவை ஏற்றத்தில் எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஒல்டர்னேட்டரும் முழு வலுவில் கொடுக்கிறது. சிக்கல் வருவது கெட்டம்பேயிலிருந்து நகருக்குள் நுழையும்போது, பள்ளி விடும் நேரத்தில் வாவியைச் சுற்றி ஊரும்போது, கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு முன்னால் காத்து நிற்கும்போது. ஐட்லிங்கில் ஒல்டர்னேட்டர் தன் உச்சத்தில் பாதியைக் கொடுத்தால் பெரிய காரியம். 60 அம்பியர் ஒல்டர்னேட்டருக்கு அது 30. மழை பெய்யும் ஒரு மாலையில் செலவுப் பக்கத்தைப் பாருங்கள்: ஹெட்லைட் இரண்டுக்கும் 8 அம்பியர், ஏசியின் காற்றுவிசிறிக்கு 12, ரேடியேட்டர் விசிறிக்கு 12, எரிபொருள் பம்பும் எஞ்சின் கட்டுப்பாட்டுச் சாமான்களும் 12, வைப்பருக்கு 4, ஏசி கிளட்ச்சுக்கு 4. வாகனத்துக்கு வாகனம் சற்று முன்பின்னாக இருந்தாலும் மொத்தம் 50ஐத் தாண்டிவிடும். பாட்டுப் போடுவதற்கு முன்பே கார் கடனில் நிற்கிறது. அந்தக் கடனை பெட்டரி அடைக்கிறது. ஓடத் தொடங்கியதும் அது திரும்ப நிறைகிறது. இந்த ஏற்பாட்டில் இன்னும் 45 அம்பியரைக் கேட்கும் பெட்டி ஒன்றைப் பூட்டுவதைத்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு உண்டு. பாட்டு என்பது இடைவிடாத முழக்கம் இல்லையே. பேஸ் விழும் அந்த நொடிகளில்தானே அம்ப் முழுதாக இழுக்கிறது? உண்மைதான். சராசரியாகப் பார்த்தால் உச்சத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் செலவாகும். 45 அம்பியர் 15 ஆகிவிடும். நெடுஞ்சாலையில் ஓடும் காருக்கு இந்தப் பதில் போதும். நிற்கும் காருக்குப் போதாது. ஏற்கெனவே கடனில் இருக்கும் பெட்டரியிடம் அந்த உச்ச நொடிகளில் 45 அம்பியர் கேட்டால் அழுத்தம் 12.4 வோல்ட்டுக்கோ அதற்குக் கீழோ இறங்கும். பல அம்ப்களில் வெளிவரும் வலு அழுத்தத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து குறையும், 14.4இல் 500 வாட் கொடுத்தது 12.4இல் 370 வாட்தான் கொடுக்கும். காதுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, 1.3 டெசிபல்தான். பேஸ் சற்று மெலிந்ததுபோல் தோன்றும், கை தானாக வால்யூமைக் கூட்டும், அழுத்தம் குறைந்த அம்ப் அலையின் தலையைச் சீவத் தொடங்கும். ஹெட்லைட் பாட்டோடு சேர்ந்து மங்கி மங்கி எரிகிற கார்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காருக்குள் இருப்பவர் அதை ஒரு பெருமையாக எடுத்துக்கொள்வதும் உண்டு. அது பற்றாக்குறையின் அடையாளம்.

கெப்பாசிட்டர் ஒன்று பூட்டினால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். நீல விளக்கு எரிய, வோல்ட் கணக்கைக் காட்டிக்கொண்டு டிக்கியில் நிற்கும் அந்த உருளைக்கு அழகு உண்டு, மறுக்கவில்லை. அதன் கொள்ளளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1 பாரட் கெப்பாசிட்டர் 14.4 வோல்ட்டிலிருந்து 12.4க்கு இறங்கும்போது விடுவிக்கும் சக்தி சுமார் 27 ஜூல். 500 வாட் ஒலி தரும் அம்ப் உள்ளே இழுப்பது 625 வாட். 27ஐ 625ஆல் வகுத்தால் 0.043 செக்கன். 50 ஹேர்ட்ஸ் பேஸில் ஒரு அலைக்கு 0.02 செக்கன் எடுக்கும். ஆக இரண்டு அலைக்கு அந்த உருளை தாங்கும், மூன்றாவது அலைக்கு மறுபடியும் பெட்டரியிடம்தான் போக வேண்டும். இரண்டாவது பெட்டரி வைப்பதும் குழாயில் தண்ணீர் வராத வீட்டில் இன்னொரு தாங்கி வாங்கி வைப்பதைப் போன்றதுதான்: அதையும் நிரப்ப வேண்டியது அதே ஒல்டர்னேட்டர். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்கிறவருக்கு அது உதவும். நெரிசலில் நிற்கிறவருக்கு உதவாது.

ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இந்தக் கவலை இல்லை என்று எண்ணக்கூடும். ஆக்வா, பிரியஸ் போன்றவற்றில் ஒல்டர்னேட்டரே கிடையாது. பெரிய பெட்டரியிலிருந்து 12 வோல்ட்டை ஒரு மாற்றி எடுத்துத் தருகிறது. ஐட்லிங்கில் குறைகிற பிரச்சினை அதற்கு இல்லை என்பது உண்மை, அந்த வகையில் அவர்கள் அதிர்ஷ்டசாலிகள். ஆனால் அவற்றின் 12 வோல்ட் துணைப் பெட்டரி எஞ்சினைச் சுழற்ற வேண்டிய வேலை இல்லாததால் சிறியதாகவே இருக்கும். 'ரெடி' நிலைக்குப் போகாமல் வெறும் அக்சசரியில் பாட்டைப் போட்டால் அது விரைவில் தீர்ந்துபோகும், பிறகு பெரிய பெட்டரி நிறைந்திருந்தும் கார் விழிக்காது. அந்த மாற்றியின் விலையையும் நினைத்துக்கொள்ளுங்கள்; அதைப் பழுதாக்கும் அளவுக்கு எந்தப் பாட்டும் நல்ல பாட்டில்லை. ஓட்டோவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதன் மின்சாரம் விளக்கு, ஹோர்ன், சின்ன ஸ்பீக்கர் இரண்டு ஆகியவற்றுக்கே சரி. 2025 ஜனவரியில் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் பூட்டியிருந்த மேலதிகச் சாமான்களைக் கழற்றச் சொல்லிப் பொலிஸார் இறங்கியதும் நினைவிருக்கும்.

அடுத்து ஓம். சப்பின் பின்புறத்தில் இரண்டு ஜோடி முனைகள் இருந்தால் அது இரட்டைக் கொயில். '4+4' என்று எழுதியிருக்கும் சப்பைத் தொடராக இணைத்தால் 8 ஓம், சமாந்தரமாக இணைத்தால் 2 ஓம். எப்படித் திருகினாலும் 4 ஓம் வராது. 4 ஓமுக்கு மட்டும் தாங்கும் அம்ப் ஒன்றை வாங்கிவிட்டு இந்தச் சப்பைத் தேர்ந்தவருக்கு இரண்டே வழிகள்: 8 ஓமில் பாதி வலுவோடு திருப்திப்படுவது, அல்லது 2 ஓமில் அம்பை எரிப்பது. '2+2' வாங்கியிருந்தால் தொடரில் 4 ஓம் கிடைத்திருக்கும். இரண்டு சானல் அம்பைப் பிரிட்ஜ் செய்து ஒரு சப்புக்குக் கொடுக்கிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: பிரிட்ஜில் ஒவ்வொரு சானலும் சப்பின் ஓமில் பாதியைத்தான் காணும். 2 ஓம் சப் அங்கே 1 ஓம் ஆகிவிடும், பெரும்பாலான அம்ப்கள் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல. வாங்கும் முன் மீட்டரை முனைகளில் வைத்துப் பாருங்கள். 4 ஓம் கொயிலில் 3.2 முதல் 3.6 வரை காட்டினால் அது பழுதில்லை. மீட்டர் அளப்பது நேர்மின்னோட்டத் தடை, அது எப்போதும் சற்றுக் குறைவாகவே நிற்கும். ஓமைக் குறைத்தால் வலு கூடும் என்று 1 ஓமுக்கு ஆசைப்படுகிறவர்கள், ஓம் பாதியாகும்போது பெட்டரியிடம் கேட்கும் அம்பியர் இரட்டிப்பாகிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நம் வீதிக் கணக்கில் 4 ஓம்தான் சாது.

சின்ன அம்ப் போட்டால் சப் எரிந்துவிடும் என்று கார் ஓடியோ வட்டாரத்தில் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. பெரிய அம்ப் விற்பதற்கு இதைவிட வசதியான பேச்சு கிடையாது. இதில் கால்வாசி உண்மை. அலையின் தலை முழுதாகச் சீவப்பட்டால், அதே உயரமுள்ள சுத்தமான அலையைவிட இரண்டு மடங்கு வலு கொயிலுக்குள் போகும். கொயிலைக் கொல்வது அந்த வெப்பம்தான். ஆனால் 100 வாட் அம்ப் எவ்வளவு மோசமாகச் சீவினாலும் 200 வாட்டுக்கு மேல் தர முடியாது. 300 வாட் தாங்கும் சப்பை அதனால் எரிக்க முடியாது, கேட்கச் சகிக்காது என்பது வேறு விஷயம். உண்மையான ஆபத்து 250, 300 வாட் அம்ப்களில் இருக்கிறது: சரியாகப் பூட்டினால் 300 வாட் சப்புக்கு மிகப் பொருத்தம், கெயினை முழுதாகத் திருப்பிவிட்டால் அதுவே 500, 600 வாட் ஆகிவிடும். ஆக, எரிப்பது அம்பின் அளவைவிடக் கெயின் திருகியில் இருக்கும் கை.

அந்தத் திருகியை வால்யூம் என்று நினைப்பதிலிருந்துதான் பாதிச் சேதம் வருகிறது. செட்டிலிருந்து வரும் சமிக்ஞையின் உயரத்துக்கு அம்பைப் பழக்குவதே அதன் வேலை. ஒரு செட் 2 வோல்ட் அனுப்பும், இன்னொன்று 4 வோல்ட், மலிவான ஆண்ட்ராய்ட் செட் சில வேளை 1 வோல்ட்டையும் எட்டாது. சரியாக வைப்பதற்குக் காதை நம்ப வேண்டியதில்லை. எலக்ட்ரீஷியன் எவரிடமும் இருக்கும் சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். சப்பின் வயரைக் கழற்றுங்கள். பேஸ் பூஸ்ட்டையும் ஈக்குவலைசரையும் பூச்சியத்தில் வையுங்கள். 50 ஹேர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டு, செட்டின் வால்யூமை முக்கால் பங்கில் நிறுத்துங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அம்பின் வெளிமுனைகளில் பிடித்து, குறித்த எண் வரும் வரை கெயினை மெல்லத் திருப்புங்கள். அந்த எண், ஆர்எம்எஸ் வாட்டை ஓமால் பெருக்கி எடுத்த வர்க்கமூலம்: 300 வாட்டும் 4 ஓமும் என்றால் 34.6 வோல்ட், 250 வாட் என்றால் 31.6. பெரிய அம்பை வாங்கி இப்படிக் கெயினைக் கட்டிவைத்தால் ஆகாதா என்று கேட்டால், ஆகும். சப்பின் ஆர்எம்எஸ் அளவைவிட அம்ப் கால் பங்கு, அரைப் பங்கு பெரிதாக இருப்பதில் தவறே இல்லை. கட்டிவைத்த கெயின் அடுத்த மாதமும் அங்கேயே இருக்குமா என்பதுதான் கேள்வி.

இவ்வளவு சிக்கனமாகப் போனால் பேஸ் எங்கே கிடைக்கும் என்பதே எஞ்சியிருக்கும் பெரிய ஆட்சேபம். காதின் கணக்கு வாட்டின் கணக்கைப் போல் நேராகப் போவதில்லை. வலுவை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல் கூடும். கேட்பவருக்குச் சத்தம் இரண்டு மடங்கானதாகத் தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வலு வேண்டும். 300 வாட்டிலிருந்து 600க்குப் போகிறவர் அம்ப், வயர், பெட்டரி மூன்றுக்கும் செலவழித்துப் பெறுவது அந்த 3 டெசிபல்தான்; அதையும் முழுதாகப் பெறுவதில்லை. செம்பின் தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் 0.39 வீதம் கூடும். 200 பாகை சூடேறிய கொயிலின் தடை ஏறக்குறைய 1.8 மடங்காகும், சப் தானாகவே வலுவைக் குறைத்து எடுக்கும். மறுபக்கம், ஒரே வலுவில் ஒரு சப் 84 டெசிபலும் இன்னொரு சப் 90 டெசிபலும் தந்தால், இரண்டாவது சப் முதலாவதைவிட நான்கு மடங்கு பெரிய அம்புக்குச் சமம். பெட்டியில் சென்சிட்டிவிட்டி என்று எழுதியிருக்கும் அந்த எண்ணை யாரும் பார்ப்பதில்லை. பளபளப்பு இல்லாத எண் அது.

சின்ன காருக்கு இயற்பியல் கொடுத்திருக்கும் சலுகை ஒன்றும் உண்டு. 2.8 மீற்றர் உள்நீளமுள்ள ஒரு காரில், ஒலியலையின் பாதி நீளம் அந்த நீளத்துக்குச் சமமாவது சுமார் 61 ஹேர்ட்ஸில். அதற்குக் கீழே போகப் போக உள்ளே இருக்கும் காற்று முழுவதும் ஒன்றாக அமுங்கி விரியத் தொடங்கும். கோட்பாட்டின்படி சுருதி ஓர் எண்மம் இறங்க 12 டெசிபல் இலவசமாகக் கூடும். கதவும் கண்ணாடியும் அதிர்ந்து சற்றைத் தின்றுவிடும் என்றாலும் மிச்சம் கணிசமானது. மூடிய பஃபல் பெட்டியில் வைத்த சப் அதே பகுதியில் எண்மத்துக்கு 12 டெசிபல் வீதம் மெலிகிறது. ஒன்று இறங்கும் இடத்தில் மற்றது ஏறுகிறது. பத்து அங்குலச் சப்பை 20, 25 லீற்றர் மூடிய பெட்டியில் வைத்தால் ஆல்டோவின் டிக்கியில் மரக்கறிப் பைக்கும் இடம் மிஞ்சும், பேஸ் கிட்டாரின் கீழ்க்கடைசித் தந்தியின் 41 ஹேர்ட்ஸும் தெளிவாகக் கேட்கும். துளையுள்ள பெட்டி அதிகச் சத்தம் தரும். ஆனால் இசைவித்த சுருதிக்குக் கீழே கோன் பிடிமானமின்றி ஆடும், சப்சொனிக் வடிகட்டி கட்டாயம், அளவும் துல்லியமாக இருக்க வேண்டும். எந்தச் சப்புக்கு எத்தனை லீற்றர் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. நெவில் தீல் 1961இலும், ரிச்சர்ட் ஸ்மோல் 1970களின் தொடக்கத்திலும் ஆஸ்திரேலியாவில் இருந்து எழுதிய ஆய்வுகளுக்குப் பிறகு அதைக் கணக்கிடும் எண்கள் ஒவ்வொரு நல்ல சப்பின் கடதாசியிலும் வருகின்றன. வெற்றுப் பெட்டியில் சப்பைத் திணித்துவிட்டு அம்பைப் பெரிதாக்குவது, பெட்டியின் தவறுக்கு பெட்டரியைத் தண்டிப்பது.

வயரில் மட்டும் சிக்கனம் கூடாது. விலை குறைந்த கிட்களில் வருவது பெரும்பாலும் செம்புப் பூச்சுள்ள அலுமினியம். அதே தடிப்பில் செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே அது கடத்தும். நுனியைச் சுரண்டினால் வெள்ளை தெரியும். 45 அம்பியர் 5 மீற்றர் ஓடும்போது 8 கேஜ் செம்பு வயர் 0.46 வோல்ட்டைத் தின்னும், பூச்சு வயர் 0.75ஐத் தின்னும், 4 கேஜ் செம்பு 0.2க்கும் குறைவாக. பெட்டரியிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் ஒரு பியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். அம்பில் இருக்கும் பியூஸ் அம்பைக் காக்கிறது. முன்னால் இருக்கும் பியூஸ் உங்களைக் காக்கிறது. போனெட்டிலிருந்து டிக்கி வரை போகும் வயர் எங்காவது தகட்டு விளிம்பில் உரசித் தோல் போனால், பெட்டரி நூற்றுக்கணக்கான அம்பியரை அதன் வழியே கொட்டும், சீட்டுக்குக் கீழே தீப் பிடிக்கும். அந்தப் பியூஸ் இல்லாமல் வேலையை முடித்துக் கொடுக்கும் வயரிங் பாஸ் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வண்டியை அவரிடமிருந்து எடுக்காதீர்கள்.

வெளியே இருப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயர்ந்த சுருதியைக் கண்ணாடி தடுத்துவிடும், தாழ்ந்த சுருதியைத் தடுக்காது. வில்லியம் கோபல்லாவ மாவத்தையால் வருகிற ஒவ்வொரு வாகனமும் கண்டி தேசிய வைத்தியசாலையைத் தாண்டித்தான் வருகிறது. இந்நாட்டில் ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை உயர் நீதிமன்றம் 2007இல் எல்லை வகுத்ததற்கும் பிறர் நிம்மதிதான் காரணம்.

நாளாந்தம் நகருக்குள் ஓடும் சின்ன காருக்கு என் தீர்ப்பு இதுதான்: 250 முதல் 300 வாட் ஆர்எம்எஸ் தாங்கும், 4 ஓமில் நிற்கும், சென்சிட்டிவிட்டி நல்ல பத்து அங்குலச் சப் ஒன்று, மூடிய பெட்டி, 4 ஓமில் 300 வாட் தரும் ஒற்றைச் சானல் கிளாஸ் டி அம்ப், செம்பு வயர், முன்பக்கப் பியூஸ், மீட்டரால் கட்டிய கெயின். இதுகூட அதிகம் என்றால் சீட்டுக்குக் கீழே போகும், அம்ப் உள்ளேயே வைத்துவரும் எட்டு அங்குலச் சப்கள் இருக்கின்றன. அவற்றில் பொருத்தம் பார்க்கும் வேலையை நிறுவனமே முடித்துவிட்டது. எதை வாங்கினாலும் பணம் கொடுக்கும் முன் கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஆர்எம்எஸ் எவ்வளவு, எத்தனை ஓமில், பியூஸ் எத்தனை அம்பியர். பதில் சொல்லத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.